அசிட்டோனும் நானும்

வேதியியல் ஆய்வகத்துள் நுழைந்ததும் மூக்கைத் தொடும் அந்த இனிய நெடியை யார்தான் மறப்பர்? நகப்பூச்சை அழிக்கும் நீர்மம் என்றுதான் முதலாமாண்டில் அசிட்டோனை அறிந்திருந்தேன். ஆய்வகத்திலோ அதற்கு ஓயாத வேலை!

தாவரவியல் மாணவியர் இலையை அரைத்துப் பச்சையத்தைப் பிரித்தெடுப்பது 80 விழுக்காடு அசிட்டோனில்தான். எங்களுக்கு அது கண்ணாடிக் கலங்களை உலர்த்தித் தரும் தோழன். நீரோடு எந்த அளவிலும் கலக்கும். கரிமப் பொருள்கள் பலவற்றையும் கரைக்கும். கழுவிய குடுவையில் சிறிது ஊற்றிச் சுழற்றிக் கொட்டினால், ஒட்டியிருந்த நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். 56 டிகிரி செல்சியசிலேயே கொதிப்பதாதலால் எஞ்சியதும் விரைவில் பறந்துவிடும்.

பறந்து எங்கே போகிறது? நான் அதைக் கேட்டதேயில்லை. இறுதியாண்டில் ஒரு பிற்பகல் என்னைக் கேட்க வைத்தது.

ஈரமற்ற குடுவை உடனே வேண்டியிருந்தது. அசிட்டோனைத் தாராளமாக ஊற்றிக் கழுவினேன். அவசரத்தில் புட்டியை மூட மறந்தேன். மேசையின் மறுகோடியில் என் தோழி பர்னரை ஏற்றினாள். ‘குப்’பென்று தீ மேசைமேல் ஓடிவந்து புட்டியின் வாயில் நின்று எரிந்தது. என் துப்பட்டாவின் முனை கருகியது. ஆய்வக உதவியாளர் அண்ணன் பதறாமல் ஒரு வாட்ச் கிளாசை எடுத்துப் புட்டியின் வாயை மூடினார். தீ அடங்கியது.

அசிட்டோன் ஆவி காற்றைப்போல் இரு மடங்கு கனமானது. அதனால் மேலெழாமல் மேசையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். சுழியத்திற்குக் கீழே ஏறக்குறைய 20 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். விரைந்து ஆவியாகும் எந்தக் குணத்துக்காக அதனை விரும்புகிறோமோ, அந்தக் குணமே நம்மைச் சுடவும் செய்கிறது. பாடநூலில் படித்திருந்தும் அன்றுதான் புரிந்தது.

“பர்னரை ஏற்றியது யார்?” என்றார் பேராசிரியர். தோழி தலைகுனிந்து ஏச்சு வாங்கினாள். புட்டியைத் திறந்து வைத்தவள் நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டிலும் துப்பட்டாவை இஸ்திரிப் பெட்டி சுட்டதென்று சொல்லிவிட்டேன்.

இப்போது நெருப்பில்லாத இடத்தில்தான் புட்டியைத் திறக்கிறேன், ஊற்றியவுடன் மூடிவிடுகிறேன். ஆனால் சொல்லாமல் விட்ட உண்மை மட்டும் நெஞ்சில் தவழ்ந்துகொண்டேயிருக்கிறது.

தோழி, அன்று நீ வாங்கிய ஏச்சு எனக்குரியது. பேராசிரியர் ஐயா அவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.