தனியே வைத்த கிண்ணம்

மஞ்சள் காமாலை என்றதும் நமக்கெல்லாம் கண் மஞ்சளாவதும், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பதும், உப்பில்லாப் பத்தியமும்தான் நினைவுக்கு வரும். கண்ணே மஞ்சளாகாமல், வருஷக்கணக்கில் ஈரலுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும் காமாலைக் கிருமி ஒன்று உண்டு. ஹெபடைடிஸ் பி என்பார்கள். அது ஒரு குடும்பத்துக்குள் என்னென்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்தது ஸ்பிதியில்தான்.

என் கணவருக்கு அப்போது சிம்லாவில் உத்தியோகம். 2019 ஜூலையில் கின்னௌர் வழியாக ஸ்பிதிக்குப் பிரயாணம் போனோம். ஹிமாசலத்தில் திபெத் எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கு அது. தலைமையூரான காஜாவே சுமார் 12,000 அடி உயரம். மரம் அபூர்வம்; பார்லியும் பச்சைப் பட்டாணியும் விளைகின்றன. குளிர்காலத்தில் குன்ஜும் கணவாய் மூடிவிட்டால் மணாலிப் பக்கம் போக வழி கிடையாது.

காஜாவுக்கு மேலே ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். மாமியார், மகன், ஆறு மாசக் கர்ப்பிணி மருமகள். உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் ஊற்றினார் மாமியார். மருமகளுக்கு மட்டும் ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த தனிக் கிண்ணம்!

சாயங்காலம் அந்தப் பெண்ணே மெல்லச் சொன்னாள். "தீதி, ரத்தப் பரிசோதனையில எனக்கு பி இருக்குன்னு வந்திடுச்சு. குழந்தைக்குப் பால்கூட கொடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க."

எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அவள் ஒருத்தி மட்டும் விதிவிலக்கா என்ன? சிம்லா மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஸ்பிதி மக்களைப் பரிசோதித்ததில் 100-க்கு 20 பேருக்கு மேல் இந்தக் கிருமி இருந்தது. நம் தேசத்தின் சராசரி 3, 4 என்கிறார்கள். 8-ஐத் தாண்டினாலே 'மிக அதிகம்' என்பது உலகக் கணக்கு.

மலையில் ஏன் இவ்வளவு ஜாஸ்தி? தண்ணீரா என்றால் இல்லை. தண்ணீரிலும் உணவிலும் பரவுவது ஏ-யும் ஈ-யும். பி பரவுவது ரத்தத்தால், தாம்பத்திய உறவால், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கு. இதில் கடைசிதான் பொல்லாதது. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-க்கு 95 பேரின் உடம்பு அதைத் தானே விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளிலோ, 100-க்கு 90 பேரிடம் ஆயுசுக்கும் தங்கிவிடும். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் வளர்ந்து தாயாகி, தன் குழந்தைக்கும் கொடுக்கும். ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களில் பாட்டி, அம்மா, பேத்தி என்று சங்கிலி அறுபடாமல் போகிறது.

அறுக்க வழி இருக்கிறது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில். தாய்க்குக் கிருமி இருந்தால், பிறந்த அன்றே இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். கிருமி அளவு அதிகமானால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்கு மாத்திரையும் உண்டு. 2018 முதல் சர்க்காரே இந்த வியாதிக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகத் தருகிறது. ஆனால் 24 மணி நேரம் என்பது பனி மூடிய கிராமத்தில் சின்ன விஷயமா?

"பனி விழறதுக்கு முன்னாலேயே ராம்பூர் போயிடு. அங்கேயே பிரசவம் வச்சுக்கோ. ஊசி போட்டாச்சுன்னா பால் தாராளமா கொடுக்கலாம்" என்றேன். மாமியாரிடமும் சொன்னேன்: கிண்ணத்தாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ, கட்டிக்கொள்வதாலோ இது ஒட்டாது; சவர பிளேடும் பல் பிரஷ்ஷும்தான் ஆளுக்குத் தனியாக வேண்டும்.

"நீங்க பரிசோதனை பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்!"

கல்லு மாதிரி இருப்பவர்களிடமும் இது இருக்கும் என்பதுதானே சங்கடமே. கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பல வருஷம் கழித்து ஈரல் சுருங்கலாம், புற்றும் வரலாம்.

நம் கீழாநெல்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க், சென்னை விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார். 1988-ல் வெளியான முடிவு நம்பிக்கையாக இருந்தது. பிற்பாடு நடந்த பரிசோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகையால் பி என்று தெரிந்த பின் பச்சிலையை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். கர்ப்ப காலத்து ரத்தப் பரிசோதனையில் 'ஹெபடைடிஸ் பி' உண்டா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்தப் பெண் அக்டோபரிலேயே ராம்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிட்டாள். பெண் குழந்தை. பிறந்த அன்றே இரண்டு ஊசியும் ஆயிற்று. போனில், "பால் நல்லா குடிக்கிறா தீதி" என்றாள். கிண்ணம் ஜன்னலிலிருந்து அலமாரிக்குப் போய்விட்டதாம். மாமியார் மட்டும், "பனி உருகட்டும், நானும் ரத்தம் கொடுக்கறேன்" என்றாராம்.