ஸ்பேர் டயர் இறங்குமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா சாலையில் போனால் ரப்பரும் செம்பனையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி, மலை முன்னால் வந்து நிற்கும். தார் முடிந்து மண் பாதை தொடங்கும். அதற்கப்பால், உள்ளே வெகுதூரத்தில், தெமியார் மக்கள் வாழும் கோல மூ. வெயில் நாளில் அது சுமாரான காட்டுப் பாதைதான். ஒரு மணி நேரம் மழை பெய்தால் போதும், சோப்பு தடவிய தகரத்தில் வண்டி ஓட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

போன வருடம் அந்தப் பாதையில் ஒன்பது வண்டிகளை ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்தவன் நான்.

என்னுடையது 2008 ஹைலக்ஸ், 2.5 லிட்டர் டீசல். அப்போது கிளம்பும் முன் அதற்கு நான் செய்ததெல்லாம் கூரையில் வரிசையாக விளக்கு, முன்னால் முரட்டு பம்பர், பக்கவாட்டில் ஸ்டிக்கர். படம் பிடித்தால் அழகாகத்தான் இருந்தது. சேற்றில் பிடிமானம் கிடைக்கும் என்று டயர் காற்றை 12 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். சாதாரண ரிம்மில் அவ்வளவு குறைத்துவிட்டு வளைவில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். கழன்றது.

சரி, ஸ்பேர் டயரை மாட்டலாம் என்றால் அது இறங்கவில்லை. ஹைலக்ஸில் அது பின்தட்டுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட நான் இறக்கிப் பார்த்ததில்லை. துருவும் சேறும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. வரிசையில் நான் மூன்றாவது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பின்னால் வந்தவர்களால் தாண்டவும் முடியாது, திரும்பவும் முடியாது. நெம்பிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் குழுவில் ஒருவர் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்கு வேலை. அந்த இரவு அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இந்த வருடமும் அரிசி, நோட்டுப் புத்தகங்களோடு குழு கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே கேட்டேன். "வாங்க, ஆனா வண்டியைப் பார்த்துட்டுத்தான்" என்றார் குழுத் தலைவர்.

மூன்று சனிக்கிழமைகள் பட்டறையில் கழிந்தன. பட்டறை அண்ணன் விளக்கைப் பார்த்துச் சிரித்தார். "மேல பார்த்தது போதும் தம்பி, அடியில படுங்க."

முதலில் ஸ்பேர் டயர். அரை நாள் போராடி இறக்கி, துரு சுரண்டி, கிரீஸ் வைத்தோம். அப்புறம் பின் டிஃப் ஆயிலை வடித்தார். தே தாரிக் நிறத்தில் வந்தது. ஓடிச் சூடான டிஃப் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் சரியில்லை என்றால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வருடமாகத் தண்ணீர் கலந்த ஆயிலில்தான் ஓடியிருக்கிறேன். ஆயிலை மாற்றி, நீளமான ரப்பர் குழாய் வைத்து மூச்சுக்குழாயை மேலே கொண்டுவந்தார். விளக்குக்கு நான் கொடுத்தது 900 வெள்ளி. இந்த வேலைக்கு 200கூட ஆகவில்லை.

பின்னால் இருந்த டிரெய்லர் குண்டைக் காட்டி, "இதுலதானே கயிறு மாட்டுவீங்க?" என்றார். தலையாட்டினேன். நைலான் கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டு விடும்போது அந்தக் குண்டு முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறந்து வரும். அதனால் வெளிநாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்றார். அன்றே கழற்றிவிட்டு, சேஸில் போல்ட் போட்டு இழுகொக்கி மாட்டினோம். அனுமதி எடுக்காமல் மாட்டிய பம்பரும் போனது. ஜேபிஜே கண்ணில் படாமல் ஒரு வருடம் தப்பித்ததே பெரிது.

மற்றபடி ஒரு சிறிய காற்று கம்ப்ரசர், அளவு மானி, பாராங், மரத்தில் சுற்றும் அகலப் பட்டை. இந்த முறை 18 பிஎஸ்ஐக்குக் கீழே போவதில்லை. அரிசி மூட்டைகள் தட்டில், அடியில். கூரையில் தார்ப்பாய் மட்டும். காட்டு இலாகா அனுமதியும் கிராமத்துத் தலைவருக்குத் தகவலும் குழுத் தலைவர் பொறுப்பு. என் மனைவி தன் பங்குக்கு இரண்டு நாள் சாப்பாடு கட்டினார். "ஒரு நாள்தானே?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

கிளம்பும் நாள் விடியற்காலை, சுங்கை சிப்புட் பெட்ரோல் நிலையத்தில் வண்டிகள் கூடின. தாதி நண்பர் காப்பிப் பொட்டலத்தோடு நேராக என் வண்டிக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"இறக்கிக் காட்டுங்க."

கம்பியை நுழைத்துச் சுற்றினேன். சங்கிலி கடகடவென்று இறங்கியது. டயர் தரையைத் தொட்டது. காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"சரி, ஏத்துங்க. நான் உங்க பின்னாலயே வர்றேன்" என்றார்.