தராசு சொல்லாதது

அக்காவின் எடை எங்கள் குடும்பத்தில் ஒரு பொதுச்சொத்தாக இருந்தது. கல்யாண வீடுகளில் அதைப்பற்றி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், சொன்னார்கள். எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு அவள் சம்மதித்தபோது 118 கிலோ. சர்க்கரைக்கு மூன்று மாத்திரைகள், உறக்கத்தில் மூச்சுத் தடை, படியேறினால் முழங்கால் வலி. அழகுக்காகச் செய்துகொண்டதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தம்பியும் தங்கையுமான நாங்கள் இருவரும்தான் அவளை வற்புறுத்தினோம் என்பதையும்.

இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவிலான குழலாக ஆக்கிவிடுகிறார்கள். கொள்ளளவு சுருங்குவது ஒருபுறம். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெருமளவில் உருவாகும் மேற்பகுதியும் போய்விடுவதால் பசியே மங்கிவிடுகிறது. பந்தியில் கடைசிவரை அமர்ந்து சாப்பிடும் எங்கள் அக்கா, அரை இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் எங்களுக்கு ஒரே கேள்விதான்: "எவ்வளவுங்கக்கா?" 110, 102, 95. ஒவ்வோர் எண்ணும் எங்கள் வெற்றியாகவே தோன்றியது. எட்டு மாதத்தில் 81. மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாயிற்று. உறவினர்கள் அவளை அடையாளம் தெரியாதவர்கள்போல் நடித்து மகிழ்ந்தார்கள்.

பொங்கலுக்கு அவள் வீட்டிற்குப் போயிருந்தோம். கோயம்புத்தூர் வீடுகளில் கிரைண்டர் இல்லாத சமையலறை ஏது? மாவை வழித்தெடுக்கக் கல்லைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தி, மெல்லத் திரும்ப வைத்தாள். பிறகு கோலம் போட்டுவிட்டுத் தரையிலிருந்து எழச் சுவரைத் தேடினாள். 118 கிலோவில் எளிதாகத் தூக்கிய கல்லை 81 கிலோவில் தூக்க இயலவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மருத்துவமனையில், உடலினுள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்பையும் மற்றதையும் பிரித்துக் கணிக்கும் கருவியில் சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை அளந்திருந்தார்கள். அந்தத் தாளை அன்று நாங்கள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது இரண்டாவது தாளை அதனருகே வைத்து உணவியல் நிபுணர் விளக்கினார். குறைந்த 37 கிலோவில் 27 கொழுப்பு. எஞ்சிய 10 கொழுப்பல்லாதது. அதில் நீரும் உண்டு, தசையும் உண்டு. கருவியின் கணக்கு துல்லியமானதல்ல எனினும் திசையைக் காட்டிவிட்டது.

கனத்த உடலைச் சுமந்து நடப்பதே தசைக்கு ஓயாத வேலை. சுமை இறங்கியதும் அவ்வளவு தசை உடலுக்குத் தேவைப்படுவதில்லை. ஆகவே ஒரு பங்கு இழப்பு தவிர்க்கவியலாதது. இழக்கும் எடையில் ஐந்திலொரு பங்கோ நான்கிலொரு பங்கோ இவ்வாறு போவது வழக்கந்தான் என்றார் அவர். அதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே போய்விடுகிறது, அதாவது நாங்கள் ஞாயிறுதோறும் கைதட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். அக்காவோ கஞ்சியும் மோரும் ரசம் சாதமுமாக நாளைக் கழித்திருந்தாள். பளு தூக்கும் பயிற்சி என்ற சொல் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்கு உரியதாக இருந்தது.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் தங்கள் புகைப்படத்தையே வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு நிறையைச் சொல்லும். எதனாலான நிறை என்று சொல்லாது. இந்திய உடல்கள் பலவும் குறைந்த தசையோடும் மிகுந்த கொழுப்போடும் இருப்பவை. இருக்கும் தசையையும் கரையவிடுவது, சிறுவாடுப் பணத்தை எடுத்துக் கடனடைப்பது போலத்தான்.

சிகிச்சை தவறென்று நாங்கள் எழுதவில்லை. அவள் இரவில் அமைதியாக உறங்குகிறாள். அது ஒன்றே போதும். திரும்பி வரும் வழியில் காரில் அக்கா சொன்னதுதான் எங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது: "எவ்வளவு போச்சுன்னுதான் ரெண்டு பேரும் கேட்டீங்க. எது போச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே கண்ணு."

இப்போது காலையில் முட்டை, மாலையில் சுண்டல், இரு வேளை பருப்பு. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமரும் பயிற்சி. இரண்டு கிலோவில் தொடங்கி இப்போது ஐந்து கிலோ இரும்பு. எடை சில மாதங்களாக 79இலேயே நிற்கிறது. நாங்கள் அதைக் கேட்பதில்லை. "இந்த வாரம் என்ன தூக்கினீங்கக்கா?" என்று கேட்கிறோம். கிரைண்டர் கல்லை அவள் இன்னும் தூக்கவில்லை. ஆனால் கோலம் போட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிடுகிறாளாம்.