ஃபோர்டு வண்டிக்குப் பூஜை போடுறதுக்கு முன்னாடி ஒரு கதை



ஆயுத பூஜைக்கான வாகன பூஜைப் பதிவு தொடங்கியாச்சு. வண்டி நம்பர், உரிமையாளர் பேர், நட்சத்திரம் எல்லாம் புத்தகத்துல எழுதுற வேலை வழக்கம்போல எங்க தொண்டர் குழுவுக்குத்தான். பெரோடுவா, புரோட்டோன், ஹோண்டா வரிசைக்கு நடுவுல சில வருஷமா ஒரு பேரை நாங்க அடிக்கடி எழுதுறோம்: ஃபோர்டு ரேஞ்சர். கான்ட்ராக்ட் வேலை எடுத்துச் செய்யுற தம்பிங்க, பூக்கடை வச்சிருக்கிற அண்ணன், கேட்டரிங் நடத்துற அக்கா எல்லாரும் ரேஞ்சர்ல வர்றாங்க.

"அமெரிக்காகாரன் வண்டிக்கு மாரியம்மன் கோயில்ல பூஜையா?" என்று சிலர் கேலியா கேக்குறாங்க. அந்த வண்டிக்கும் நம்ம கோயிலுக்கும் நூறு வருஷத்துக்கு மேல தொடர்பு இருக்கு. தெரியாதவங்களுக்காக இதை எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

ஹென்றி ஃபோர்டு டெட்ராய்ட் நகரத்துல கம்பெனியைத் தொடங்கினது 1903 ஜூன் 16. அப்போ கார் என்பது பணக்காரங்க வாங்குற சாமான். 1908 அக்டோபர்ல 'மாடல் டி' வந்துச்சு. ஆரம்ப விலை சுமார் 850 டாலர். 1913-ல ஃபோர்டு தொழிற்சாலையில ஒரு மாற்றம் நடந்துச்சு. ஆளுங்க வண்டியைத் தேடிப் போகாம, வண்டி ஆளுங்களைத் தேடி நகர்ந்து வர்ற மாதிரி வரிசை அமைச்சாங்க. ஒரு காரைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல ஆனது, ஒன்றரை மணி நேரமா குறைஞ்சது. 1914-ல ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 டாலர் சம்பளம்னு அறிவிச்சாங்க. முன்னாடி இருந்த சம்பளத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரோட விலை இறங்கிக்கிட்டே வந்து 1920-களின் நடுவுல 300 டாலருக்கும் கீழ போயிடுச்சு. 1927-ல மாடல் டி நிறுத்தப்பட்டபோது மொத்தம் 1 கோடியே 50 லட்சம் வண்டி ஓடி வந்திருந்தது.

அதை வாங்கினவங்க அனுபவம் சுவாரஸ்யமானது. முன்னாடி நின்னு ஹேண்டில் சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணணும். சரியா பிடிக்கலன்னா ஹேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பி அடிச்சு கை எலும்பே முறியும். பெட்ரோல் பம்ப் கிடையாது. சீட்டுக்கு அடியில இருக்கிற டேங்கிலிருந்து எண்ணெய் தானா இறங்கி வரணும். டேங்க்ல எண்ணெய் குறைவா இருக்கும்போது மேடு ஏறினா இன்ஜின் நின்னுடும். அதனால செங்குத்தான மேட்டை ரிவர்ஸ் கியர்ல, பின்பக்கமாவே ஏறுவாங்க! விவசாயிங்க பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி, விறகு அறுக்கவும் தண்ணி இறைக்கவும் பயன்படுத்துனாங்க. பழுதானா வீட்டு ஆளே சரி பண்ணிக்கலாம். பணக்காரன் இல்லாதவனுக்கும் கிடைச்ச முதல் கார் என்று அதைச் சொல்றது இதனாலதான்.

இப்போ நம்ம கதைக்கு வர்றோம்.

ஒரு காருக்கு 4 டயர். 1 கோடியே 50 லட்சம் காருக்கு 6 கோடி டயர். தேய்ஞ்சு மாத்துனது தனிக் கணக்கு. டயருக்கு ரப்பர் வேணும். அமெரிக்காவுல ரப்பர் தோட்டம் கிடையாது.

பால் மரத்தோட பூர்வீகம் பிரேசில் காடு. 1876-ல ஹென்றி விக்கம் என்கிற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அதுல முளைச்ச கன்றுகள்ல 22 மட்டும் 1877-ல சிங்கப்பூருக்கு வந்துச்சு. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்து ரிட்லி துரை, மரம் சாகாம பட்டையில கோடு போட்டு பால் எடுக்குற முறையைக் கண்டுபிடிச்சு, மலாயா முழுக்க நடச் சொல்லி எல்லார்கிட்டயும் வாதாடினார். அப்படி நட்ட மரங்கள் வெட்டுற பக்குவத்துக்கு வந்த காலமும் மாடல் டி ரோட்டுக்கு வந்த காலமும் ஏறக்குறைய ஒண்ணு. 1910-ல ரப்பர் விலை உச்சத்துக்குப் போச்சு. காடு அழிச்சு தோட்டம் போட்டாங்க. தோட்டத்துக்கு ஆள் வேணும்.

அந்த ஆளுங்கதான் நம்ம முன்னோர்.

1907-ல மலாயாவுல தமிழர் குடியேற்ற நிதி என்று ஒண்ணு ஏற்படுத்தி, தோட்ட முதலாளிங்க கட்டுற பணத்துல கப்பல் செலவைப் பார்த்துக்கிட்டாங்க. கங்காணி சொந்த ஊருக்குப் போய், சொந்தபந்தத்தைச் சேர்த்துக் கூட்டி வந்தார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆற்காடுப் பக்கத்து ஜனங்க நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் கப்பல் ஏறினாங்க. விடியுமுன்னே பெரட்டு. அப்புறம் கத்தி, மங்கு, காண்டா வாளி. எடுத்த பால் ஸ்டோர்ல சீட் ஆகி, புகை போட்டு, கப்பல் ஏறி, அமெரிக்காவுல அக்ரன் நகரத்து டயர் கம்பெனிகளுக்குப் போச்சு. அங்கிருந்து டெட்ராய்ட் கார்ல ஏறிச்சு. லயத்துக்குப் பக்கத்துல ஒரு மரத்தடியில கல்லை நட்டு மாரியம்மான்னு கும்பிட்டாங்க. எங்க கோயிலும் அப்படி ஒரு தோட்டத்துக் கோயில்தான். தோட்டம் வித்தாச்சு, லயம் இடிச்சாச்சு, அம்மன் மட்டும் இடம் மாறல.

ஹென்றி ஃபோர்டு இந்தத் தொடர்பை அறுக்கவும் பார்த்தார். 1922-ல பிரிட்டிஷ்காரங்க ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏத்தினாங்க. மலாயா ரப்பரை நம்பி இருக்கக்கூடாதுன்னு, 1928-ல பிரேசில் காட்டுக்குள்ள, தப்பஜோஸ் ஆத்தங்கரையில தனக்குன்னு ஒரு தோட்டத்தையே உருவாக்கினார். பேரு ஃபோர்டுலாண்டியா. ஆஸ்பத்திரி, மரம் அறுக்குற ஆலை, அமெரிக்கா பாணி வீடுங்க எல்லாம் கட்டினாங்க. அவர் மட்டும் ஒரு தடவைகூட நேர்ல போய்ப் பார்க்கல.

பிரச்சினை எங்க வெடிச்சதுன்னு நினைக்கிறீங்க? சாப்பாட்டுக் கூடத்துல. உக்கார வச்சுப் பரிமாறிக்கிட்டு இருந்த வழக்கத்தை மாத்தி, வரிசையில நின்னு தட்டை நீட்டி வாங்கணும்னு உத்தரவு போட்டாங்க. 1930 டிசம்பர்ல தொழிலாளிங்க கொதிச்சு எழுந்து கூடத்தையே அடிச்சு நொறுக்கிட்டாங்க. அன்னதானப் பந்தியில நிக்கிற எங்களுக்கு இது நல்லாவே புரியுது. உழைக்கிறவன் முன்னால இலையை எப்படி வைக்கிறோம்ங்கிறது சின்ன விஷயம் இல்ல.

கலவரம் அடங்கியும் மரம் தேறல. நெருக்கமா நட்ட மரங்கள்ல இலை நோய் பரவி, தோப்பு தோப்பா மொட்டையாயிடுச்சு. கொஞ்சம் தள்ளி பெல்தெராவுல இன்னொரு தோட்டம் போட்டுப் பார்த்தாங்க, அதுவும் கைகொடுக்கல. 1945-ல பெரும் நஷ்டத்துக்கு பிரேசில் அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டாங்க. அந்த இலை நோய் நம்ம பக்கம் வராதது மலாயாவுக்கு அதிர்ஷ்டம். ஆனா இன்னொண்ணும் இருக்கு. பட்டையை மெல்லிசா சீவணும். கத்தி கட்டையைத் தொட்டா காயம் முண்டும் முடிச்சுமா ஆறும், அந்த இடத்துல மறுபடி வெட்ட முடியாது. அந்த அளவு தெரிஞ்ச கை ஆயிரக்கணக்குல இங்க இருந்தது. தினமும் நூத்துக்கணக்கான மரத்துல அந்தக் கத்தி ஓடிச்சு.

ஃபோர்டு பேரு இங்க இன்னொரு இடத்துலயும் எழுதியிருக்கு. 1926-ல ஃபோர்டு மலாயா கம்பெனி சிங்கப்பூர்ல ஆரம்பிச்சது. 1941 அக்டோபர்ல புக்கிட் தீமாவுல புதுத் தொழிற்சாலை திறந்தாங்க. தென்கிழக்கு ஆசியாவோட முதல் கார் பொருத்துற தொழிற்சாலை அதுதான். நாலு மாசம்கூட நிம்மதியா ஓடல. 1942 பிப்ரவரி 15 அன்னைக்கு, அந்தத் தொழிற்சாலை அறையிலதான் பெர்சிவல், யமாஷிதாகிட்ட சரணடைஞ்சு கையெழுத்துப் போட்டார். அதுக்கப்புறம் நடந்தது நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. தோட்டம் தோட்டமா ஆளுங்களை சயாம் ரயில் பாதை போட ஏத்திக்கிட்டுப் போனாங்க. போன பல்லாயிரம் தமிழர்ல திரும்பி வராதவங்க எத்தனையோ பேர். அந்தத் தொழிற்சாலை 1947-ல மறுபடி கார் பூட்ட ஆரம்பிச்சு 1980-ல மூடப்பட்டது. இப்போ அது போர்க்கால நினைவுக் காட்சியகம். சிங்கப்பூர் போறவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க.

சரி, நம்மவங்க எப்போ ஃபோர்டு ஓட்ட ஆரம்பிச்சாங்க? எங்க பெரியவங்ககிட்ட கேட்டோம். தோட்டத்துல கார்னா துரை கார், மிஞ்சினா பெரிய கிராணி கார். செம்மண் தூசி மட்டும்தான் நம்ம பங்கு. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தர் வச்சிருந்த கோர்ட்டினாவைப் பத்தி இன்னும் பாசமா பேசுறார்: "பானெட்டைத் திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஞாயித்துக்கிழமை பிளக்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டிட்டு, சாயங்காலம் குடும்பத்தோட கோயிலுக்கு வந்துடுவேன்."

80-கள்ல இளவட்டமா இருந்த மாமாங்களுக்கு லேசர், டிஎக்ஸ்5 பேரைச் சொன்னாலே முகம் மலரும். லேசர் மாஸ்டா 323-ஓட உடன்பிறப்பு, டிஎக்ஸ்5 மாஸ்டா 626-ஓட உடன்பிறப்பு. "உள்ள மாஸ்டா, வெளிய ஃபோர்டு" என்று அப்பவே சொல்வாங்களாம்.

இப்போ ரேஞ்சர். தாய்லாந்துல தயாராகி வருது. 2021 டிசம்பர் வெள்ளத்தப்போ சாப்பாட்டுப் பொட்டலம் ஏத்திக்கிட்டுப் போன வண்டிகள்ல ஒரு அண்ணனோட ரேஞ்சரும் இருந்தது. "உயரம் இருக்கு, பாரம் தாங்கும், டீசல்ல இழுவை நல்லா இருக்கு" என்கிறார் அவர். அரிசி மூட்டை, பந்தல் கம்பி, வாழை மரம் எல்லாம் பின்னால ஏறிடும். கோயில் வாசல்ல ரெண்டு கார் இடத்தை எடுத்துக்கும், அதை மட்டும் கொஞ்சம் பார்த்து நிறுத்துங்க.

ஃபோர்டுன்னா எல்லா மாடலும் ஒண்ணு இல்ல. சில வருஷத்து ஃபியஸ்டா, ஃபோக்கஸ் வண்டிங்களோட பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பல நாட்டுல புகாருக்கு ஆளாச்சு. அந்தப் புகாருங்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலியாவுல 2018-ல நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பழைய வண்டி வாங்குறவங்க விசாரிச்சு, நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போய்ப் பார்த்து வாங்குங்க. பூஜை நாங்க போட்டுத் தர்றோம். கியர்பாக்ஸை நீங்கதான் பார்க்கணும்.

இதெல்லாம் ஏன் இப்போ எழுதுறோம்? எங்க கோயில்ல பால் மரம் வெட்டின கை உள்ளவங்க இப்போ விரல் விட்டு எண்ணுற அளவுலதான் இருக்காங்க. தோட்டத்துக்கு ஆங்கிலப் பேர் ஒண்ணு, நம்மாளுங்க வச்ச தமிழ்ப் பேர் ஒண்ணு இருந்துச்சு. ஆங்கிலப் பேர் ஏதாவது பழைய காகிதத்துல கிடைக்கும். தமிழ்ப் பேர் பாட்டிங்க வாயில மட்டும்தான் இருக்கு. எந்த லயத்து ஜனங்க எந்த வருஷம் அம்மனுக்கு முதல் திருவிழா எடுத்தாங்கங்கிறதும் அப்படித்தான். தோட்டத்துக் கோயில் பலதுக்குத் தன் வயசைக் காட்டக்கூட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. நிலத்தைப் பத்திக் கேள்வி வர்றப்போ அதோட வலி தெரியும்.

அதனால இந்த வருஷம் வாகன பூஜைப் பதிவுல ஒரு புது கட்டம் சேர்த்திருக்கோம்: "உங்க குடும்பம் எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்தது?" வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டு எழுதிக் கொண்டு வாங்க. தமிழ்ப் பேர், ஆங்கிலப் பேர், கங்காணி பேர், என்ன நினைவு இருக்கோ அது போதும். பெரோடுவா, ரேஞ்சர், மோட்டார் சைக்கிள், எந்த வண்டியா இருந்தாலும் இது பொருந்தும். எழுதத் தெரியாத பாட்டி தாத்தா இருந்தா நேரா கூட்டி வாங்க. மண்டபத்துல நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அவங்க சொல்றதை எங்க பிள்ளைங்க எழுதி வச்சுக்குவாங்க.

இன்னொரு வேண்டுகோள். எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி முதல் சுத்து போகும்போது, முன் சீட்டுல அந்தப் பெரியவங்களை உக்கார வைங்க. போட்டோவும் அவங்களோட எடுங்க.

பதிவு தினமும் மாலை பூஜைக்கு அப்புறம் அலுவலகத்துல நடக்கும். பூசணிக்காய், எலுமிச்சம்பழம் கோயில்லயே கிடைக்கும்.

அம்மன் துணை.
கோயில் தொண்டர் குழு