காந்தத்துக்கு லீவு கிடையாது

"மிஷின் ஆஃப்லதானே இருக்கு, செல்போனோட வரலாமா தம்பி?" எம்.ஆர்.ஐ. அறை வாசலில் துணைக்கு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. ஆஃப் எல்லாம் கிடையாதுங்க. மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் கம்பிச்சுருள் அது. ராத்திரி, ஞாயிறு, தீபாவளி எல்லா நாளும் காந்தம் காந்தம்தான். ஃபேன் மாதிரி சுவிட்சைத் தட்டி நிறுத்த முடியாது. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு. ஆக்சிஜன் சிலிண்டரையே இழுத்துவிடும்.

பெரிய பஞ்சாயத்து தாலிதான். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் சங்கிலியில் நாலைந்து ஊக்கு தொங்குமே, அதற்குத்தான் பயம். அதனால் எங்கள் டிராயரில் மஞ்சள் கயிறு எப்போதும் இருக்கும். அதைக் கட்டிக்கொண்டால் மாமியாருக்கும் சமாதானம், எனக்கும் நிம்மதி. மெட்டி, அரைஞாண், கொண்டை ஊசி என்று வரிசையாகக் கழற்றிய பிறகு, "வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். இன்னொரு தடவை கேட்டால்தான் பத்து வருஷத்துக்கு முன் காலில் வைத்த கம்பி ஞாபகத்துக்கு வரும்!

படத்தை முதலில் பார்ப்பது நான்தான். ரிப்போர்ட் சொல்ல வேண்டியவர் டாக்டர். வெளியே வந்ததும் என் முகத்தையே பார்ப்பார்கள். "சாயங்காலம் ரிப்போர்ட் வந்துரும்மா" என்பேன், எல்லோருக்கும் ஒரே குரலில். அந்தக் குரலைப் பழக எனக்குப் படிப்பைவிட அதிக காலம் பிடித்தது.