ஆளி விதையின் ஊர்

ஸ்காட்லாந்துப் பயணம் – 6

எடின்பரோவில் ஏறிய ரயில் ஃபோர்த் பாலத்தின் செந்நிற எஃகுச் சட்டங்களுக்குள் புகுந்து கடலைத் தாண்டியது. கரையோரமாகவே ஓடி கிர்காடியில் நின்றது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே அருங்காட்சியகம், அதன் முன்னால் போர் நினைவுச் சின்னம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

1925-இல் திறந்த இந்தக் கட்டடத்தை ஊருக்குக் கொடுத்தவர் ஜான் நேர்ன், போரில் 1918-இல் மகனைப் பறிகொடுத்த தகப்பன். தரைவிரிப்பு ஆலை நடத்திய குடும்பம் அது. மைக்கேல் நேர்ன் 1847-இல் ஆலையை ஆரம்பித்தார். பின்னாளில் லினோலியம் என்ற தரைவிரிப்பு இந்த ஊரின் பிழைப்பாகவே ஆனது. ஆளி விதை எண்ணெயைக் காற்றுப்படக் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் பிசினும் கலந்து, சணல் துணியில் அழுத்திப் பதித்து, வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். சணல் நம் வங்காளத்திலிருந்து கப்பலேறி வந்தது. அந்த எண்ணெய் வாசனை ஊரெல்லாம் நிறைந்திருந்ததாம். ரயிலில் வரும் சிறுவன் ஒருவன் வாசனையை வைத்தே கிர்காடி வந்துவிட்டதென்று சொல்லும் பழைய கவிதை ஒன்று உண்டு.

ஊர் வரலாற்றுப் பகுதியில் ஆடம் ஸ்மித்தும் இருக்கிறார். பிறந்தது இங்கேதான், 1776-இல் வெளிவந்த பொருளாதார நூலின் பெரும்பகுதியை எழுதியதும் இங்கே தாயின் வீட்டில். ரோஜாப் பூ தீட்டிய வீம்ஸ் மட்பாண்டங்களையும் பார்த்துவிட்டு ஓவியக் கூடத்துக்குப் போனேன்.

என்னை நகரவிடாமல் நிறுத்தியவர் சாமுவேல் பெப்லோ. ஒரு ஜாடி, சில பூக்கள், மடிந்து கிடக்கும் துணி, அவ்வளவுதான். ஆனால் இதில் நிழலுக்குக்கூட அவர் சாம்பல் நிறம் பூசவில்லை, நீலமோ பச்சையோதான். பக்கத்தில் வில்லியம் மக்டாகர்ட்டின் கடல். அலையும் பிள்ளைகளும் ஒரே தூரிகை வீச்சில் கரைந்து நிற்கிறார்கள். எடின்பரோ தேசியக் கூடங்களுக்கு வெளியே இந்த இருவரின் படங்கள் மிக அதிகமாக இருப்பது இங்கேதான். காரணம், ஜான் பிளைத் என்ற ஆளிநார்த் துணி ஆலைக்காரர். அவர் ஆசையாய்ச் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களை, அவர் காலமான பிறகு, 1964-இல் ஊரே வாங்கிக்கொண்டது.

அந்தக் கூடத்தில் நிற்கும்போது வரலாற்றுப் பகுதியில் பார்த்த லினோலியம் நினைவுக்கு வந்தது. பிளைத்தின் துணி ஆளிச் செடியின் நார். நேர்னின் விரிப்பு அதே செடியின் விதை எண்ணெய். பெப்லோ குழைத்த எண்ணெய் வண்ணத்துக்கும் ஆதாரம் அந்த எண்ணெய்தான். ஆலைக்கு வெளியே எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரமாக இந்தக் கலையை என்னால் பார்க்க முடியவில்லை.

பக்கத்து மெத்தில் ஊரில் வளர்ந்து, இளவயதிலேயே சுரங்க வேலைக்குப் போன ஜாக் வெட்ரியானோ ஓவியம் கற்றதும் இந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான். இருபத்தோராம் பிறந்த நாளுக்குத் தோழி கொடுத்த நீர்வண்ணப் பெட்டிதான் தொடக்கம். விமர்சகர்கள் பலர் அவரை மதிக்கவில்லை. எனக்கும் பெப்லோவே பெரியவர். ஆனால் ஓவியப் பள்ளிக்குப் போகாத ஒரு தொழிலாளிக்கு இந்தச் சுவர்களே பள்ளியாக இருந்ததை நினைத்தால் மனம் நிறைகிறது. 2022-இல் அவருடைய ஆரம்பகாலப் படங்களை இங்கே தனிக் கண்காட்சியாக வைத்தார்கள். ஜாக் ஹோகன் என்ற பிறந்த பெயரில் அவர் கையெழுத்திட்ட படங்களும் அதில் இடம்பெற்றன.