மொட்டை மாடி சாவி கிடைக்குமா அண்ணே?

லாட்ஜுக்குப் போனதும் நீங்க என்ன கேப்பீங்க? ஏ.சி. இருக்கா, சுடுதண்ணி வருமா? நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்... ‘அண்ணே, மொட்டை மாடி சாவி கிடைக்குமா?’ கேமராவைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையுறவனுக்கு ரூம்ங்கிறது பேட்டரிக்கு சார்ஜ் போடுற இடம். மாடிதான் ஹோட்டலே!

இந்த ஞானம் பிறந்த இடம், காரைக்கால். சுத்தியும் தமிழ்நாடு, நடுவுல புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. 1739-ல் வந்த பிரெஞ்சுக்காரங்க 1954-ல்தான் மூட்டையைக் கட்டினாங்க. (இடையில பிரிட்டிஷ்காரங்க பிடுங்கிக்கிட்டது தனிக்கதை!) வீக் எண்ட்ல மட்டும் போயிடாதீங்க. சரக்குக்காகவே ஒரு கூட்டம் வந்து இறங்கும், விடிய விடிய பக்கத்து ரூம்ல கச்சேரி. சனிக்கிழமைன்னா திருநள்ளாறு கூட்டம் வேற. வடக்கே தரங்கம்பாடியில, 1620-ல் டேனிஷ்காரங்க கட்ட ஆரம்பிச்ச கோட்டை பக்கத்துல கடலைப் பார்த்த பங்களா ஹோட்டல் ஒண்ணு இருக்கு. அழகு... ஆனா, நம்ம பர்ஸ் தாங்காது பாஸ்!

போக வேண்டியது, ஆனி பௌர்ணமியை ஒட்டி வர்ற மாங்கனித் திருவிழாவுக்கு. கணவன் கொடுத்தனுப்பின ரெண்டு மாம்பழத்துல ஒண்ணை சிவனடியாருக்குப் போட்டுட்டு, அவன் ரெண்டாவதையும் கேட்டப்போ ஈசன்கிட்ட வேண்டி வாங்கினாங்களே புனிதவதி... அந்தக் காரைக்கால் அம்மையார் ஊர் இது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகள்ல இருந்து மாம்பழம் மாம்பழமா வீசுவாங்க. கீழே பிடிக்க ஊரே நிக்கும். அந்தப் பழம் கிடைச்சா குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை.

முதல் வருஷம் நான் தங்கின லாட்ஜ்ல, ‘பேச்சிலர்ஸுக்கு மாடி கிடையாது’ன்னுட்டாங்க. தெருவுல நின்னு எடுத்தேன். படம் பூரா அடுத்தவங்க முழங்கை!

அடுத்த வருஷம், பாரதியார் சாலைப் பக்கம் ஒரு பழைய லாட்ஜ். லிஃப்ட் இல்ல, பாத்ரூம் குழாய் ராத்திரி பூரா சொட்டுச்சு. ஆனா, கேட்டதும் சாவியை நீட்டினார் பெரியவர். ஒரே கண்டிஷன். ‘‘மாடியில நிக்கிறவன் பழம் போடணும் தம்பி. வெறுங்கையோட ஏறக் கூடாது.’’ ரெண்டு கிலோ வாங்கிட்டு ஏறினேன்.

லென்ஸ் வழியா பார்த்தா, நேர் கீழே ஒரு அக்கா முந்தானையை விரிச்சுப் பிடிச்சுட்டு நிக்கிறாங்க. மூணு தடவை பழம் வந்துச்சு. மூணையும் பக்கத்துல இருந்தவங்க தட்டிட்டுப் போயிட்டாங்க. நாலாவது தடவை அவங்க நிமிர்ந்து பார்த்தது என் மாடியை. அந்த முகம், அந்த வெயில்... கிளிக் பண்ணியிருந்தா என் வாழ்க்கையிலேயே பெஸ்ட் படம் அதுதான்.

கேமராவைக் கழுத்துல தொங்கவிட்டுட்டுப் பழத்தை எடுத்தேன். குறி பார்த்துப் போட்டேன். முந்தானையில விழுந்துச்சு. மறுபடி கேமராவைத் தூக்கறதுக்குள்ள கூட்டம் அவங்களை மறைச்சிருச்சு.

மறுநாள் காலை அஞ்சு மணிக்குப் பெரியவரே எழுந்து கேட் திறந்துவிட்டார். அரசலாறு கடல்ல கலக்குற இடம் வரைக்கும் நடந்து போய், மீன்பிடிப் படகுகளை எடுத்தேன். சுமாரா வந்துச்சு.